சேமிப்புன்னு எடுத்து வைக்கற பணம் மாசக்கடைசிக்குள்ள திரும்ப செலவுக்கே போயிடுது, எங்க தப்பு பண்றோம்?

கணக்குநோட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், எழுதறது இதான் முதல் தடவை, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பேருமே வேலைக்கு போறோம். பையன் ஸ்கூல் படிக்கிறான், மாமியார் எங்க கூடவே இருக்காங்க. ஒன்றரை வருஷமா ஒரு நாள் விடாம செலவு எழுதறேன், பஸ் டிக்கெட் வரைக்கும். தொகை சொல்ல கூச்சமா இருக்கு, அதனால ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கைக்கு வர்றதை 100 பங்குன்னு வச்சுக்கறேன். அதுல வாடகை 28, மளிகை காய்கறி பால் எல்லாம் சேர்த்து 22, கரண்ட் கேஸ் போன் நெட் 9, ஸ்கூல் ஃபீஸ் 10, போக்குவரத்து 8, கடன் 8 (லோன் தவணை 5, கிரெடிட் கார்டு மினிமம் 3), மாமியாருக்கு மருந்து மாத்திரை 5. ஆக மொத்தம் 90. மிச்சம் 10 சேமிப்பு.

இந்த 10ஐ சம்பளம் விழுந்த அன்னிக்கே வேற அக்கவுண்டுக்கு மாத்திடறேன், முதல்ல சேமிப்பு அப்புறம் தான் செலவுன்னு எல்லாரும் சொல்றாங்களே அதே மாதிரி. மளிகைக்கும் மொத்தமா எடுக்கறதில்ல, 22ஐ நாலா பிரிச்சு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அஞ்சரை எடுத்து ஒரு கவர்ல போட்டு வச்சு அதுக்குள்ள தான் வாங்கறேன். இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் இருபதாம் தேதி தாண்டறதுக்குள்ள ஏதாவது ஒண்ணு வந்து நிக்குது. போன மாசம் வண்டி இன்சூரன்ஸ். அதுக்கு முந்தின மாசம் மாமியாருக்கு பல்வலி. அதுக்கும் முன்னாடி பையனுக்கு ஷூ, பேகு, புக்ஸ். ஒவ்வொரு தடவையும் அந்த 10ல கை வைக்கறேன், அதுவும் பத்தலைன்னா கார்டுல தேய்க்கறேன், கார்டுல இப்போ 60 பங்கு நிக்குது. நோட்டுல இதுக்குன்னு "எதிர்பாராத செலவு"ன்னு ஒரு தனிக் கட்டமே போட்டு வச்சிருக்கேன், அந்தக் கட்டம் காலியா இருந்த மாசமே கிடையாது.

நோட்டை மூடி வச்சுட்டு அழுத ராத்திரி கூட உண்டு. ஊதாரித்தனமா ஒண்ணும் பண்ணலையே, அப்புறம் ஏன் இப்படி? மாமியார் மருந்துலயும் பையன் படிப்புலயும் கை வைக்க எனக்கு மனசு வராது, மத்தபடி எங்க குறைக்கணும்னு சொன்னா குறைக்க தயார்.


சிறுவாடு எழுதியது:

தங்கச்சி, முதல்ல கண்ணை துடை. ஒன்றரை வருஷம் பஸ் டிக்கெட் வரைக்கும் எழுதினவ கை ஓட்டைக் கையா இருக்க முடியாது. நீ எழுதினதுலயே பதில் இருக்கு. இன்சூரன்ஸ் எதிர்பாராததா? போன வருஷமும் அதே தேதிக்கு தானே வந்துச்சு. பையன் கால் வளரும்னு தெரியாதா நமக்கு? ஸ்கூல் வருஷாவருஷம் திறக்கத்தானே செய்யுது? இதெல்லாம் எதிர்பாராத செலவு இல்லம்மா, மாசாமாசம் வராத செலவு, அவ்வளவு தான் வித்தியாசம். நாம மாசக் கணக்கு மட்டும் போட்டு பழகிட்டதால வருஷத்துக்கு ஒரு தடவை வர்றது எல்லாம் திடீர்னு வந்த மாதிரி தெரியுது.

ஒரு வேலை செய். கடைசி 12 மாசத்தோட நோட்டை எடுத்து அந்த எதிர்பாராத செலவு கட்டத்தை மட்டும் கூட்டு. பேங்க் ஸ்டேட்மெண்டையும் பக்கத்துல வச்சுக்கோ, ஏன்னா கார்டுல போனதை நாம நோட்டுல எழுத மறந்துடுவோம், நானே நிறைய மறந்திருக்கேன். கூட்டின மொத்தத்தை 12ஆல வகுத்து என்ன வருதுன்னு இங்க வந்து சொல்லு, அதுக்கு அப்புறம் எங்க குறைக்கறதுன்னு பேசலாம். அதுக்கு முன்னாடி எதையும் குறைக்காத, தெரியாம குறைச்சா தப்பான இடத்துல தான் கத்திரி விழும்.


கணக்குநோட்டு எழுதியது:

அக்கா, நேத்து ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து கூட்டிட்டோம். எழுதறப்பவே கை நடுங்குச்சு. ஸ்கூல் திறக்கற சமயத்துல மட்டும் 30 (வருஷ ஆரம்ப ஃபீஸ், புக்ஸ், யூனிஃபார்ம், ஷூ), வண்டிக்கு இன்சூரன்ஸ், சர்வீஸ், ரெண்டு டயர் சேர்த்து 22, லீவுக்கு ஊர் போயிட்டு வந்தது 20, சொந்தக்காரங்க விசேஷம் பரிசுன்னு 18, பல் டாக்டர் 14, துணிமணி 14, ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் பண்ணது 12. மொத்தம் 130.

130ஐ 12ஆல வகுத்தா மாசத்துக்கு கிட்டத்தட்ட 11 வருது. நான் சேமிப்புன்னு எடுத்து வச்சது 10. அப்போ நான் ஒரு நாளும் சேமிக்கவே இல்லையா அக்கா?


சிறுவாடு எழுதியது:

அப்படி பார்க்காத. நீ சேமிச்சிருக்க, அந்தப் பணம் தான் உங்க வண்டியை ஓட வச்சுது, மாமியார் பல்லை பார்த்துச்சு. பேர் மட்டும் தான் தப்பா வச்சிட்ட. "சேமிப்பு"ன்னு பேர் வச்ச பணத்தை எடுக்கறப்போ குத்த உணர்ச்சி வரும், "ஸ்கூல் ஷூ"ன்னு பேர் வச்ச பணத்தை ஷூ வாங்க எடுக்கறப்போ வராது. வேலையை சரியா செஞ்ச நிம்மதி தான் வரும்.

இனிமே அந்த அக்கவுண்டுக்கு "வருஷச் செலவு"ன்னு பேர் வை. நோட்டோட கடைசி பக்கத்துல 12 மாசத்தையும் எழுதி எந்த மாசம் என்ன வரும்னு நேரா குறிச்சிடு. இதுல ஒரு சிக்கல் இருக்கு, நிறைய பேர் இங்க தான் மனசு விட்டுடுவாங்க. எல்லாத்தையும் 12ஆல வகுக்கறது ரெண்டாவது வருஷத்துல இருந்து தான் சரியா வரும், முதல் வருஷம் எத்தனை மாசம் கையில இருக்கோ அத்தனையால தான் வகுக்கணும். ஸ்கூல் திறக்க இன்னும் 5 மாசம் இருக்குன்னா 30ஐ 5ஆல வகுத்து மாசம் 6 போடணும், ரெண்டரை போட்டா பத்தாது. நல்லவேளை உனக்கு இன்சூரன்ஸ் இப்போ தான் கட்டி முடிஞ்சிருக்கு, அது அடுத்த வருஷம் தான் திரும்ப வரும், அதனால இப்போதைக்கு ஸ்கூலுக்கு கூடுதலா போட முடியும்.

ரிப்பேரும் வைத்தியமும் தேதி சொல்லிட்டு வராது, ஒத்துக்கறேன். ஆனா வரும்ங்கறது நிச்சயம். போன வருஷம் ஆன தொகையை இந்த வருஷத்துக்கும் அப்படியே வச்சுக்கோ, வரலைன்னா அந்தப் பணம் எங்கயும் போகாது, அடுத்த வருஷத்துக்கு நிக்கும்.


விடியக்காலை எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே வழிமொழியறேன். அதோட இன்னொரு ஓட்டையும் இருக்குங்க, உங்க மளிகை கவர்ல. வாரத்துக்கு அஞ்சரை, நாலு வாரம், ஆக 22ன்னு போட்டிருக்கீங்க. மாசத்துக்கு நாலு வாரம்னா 12 மாசத்துக்கு 48 வாரம் தான் ஆச்சு. ஆனா வருஷத்துக்கு 52 வாரம். அந்த நாலு வாரம் எங்க போச்சு? ஞாயித்துக்கிழமை அஞ்சு வர்ற மாசம் பாருங்க, அந்த அஞ்சாவது கவருக்கு பணம் எங்க இருந்து எடுத்தீங்கன்னு.

கணக்கா சொன்னா அஞ்சரையை 52ஆல பெருக்கினா 286, நீங்க ஒதுக்கினது 22ஐ 12ஆல பெருக்கினா 264. வித்தியாசம் 22. அதாவது வருஷத்துல ஒரு முழு மாச மளிகை உங்க பட்ஜெட்லயே இல்லாம நடந்துக்கிட்டு இருக்கு. நானும் ரெண்டு வருஷம் இதே தப்பை பண்ணி சில மாசம் நல்லா போகுது சில மாசம் உடையுது ஏன்னே புரியாம அல்லாடியிருக்கேன், ஒரு நாள் காலண்டர்ல ஞாயித்துக்கிழமையை எல்லாம் வட்டம் போட்டு எண்ணினப்போ தான் பிடிபட்டுச்சு. 22ஐயே வச்சுக்கணும்னா வாரத்துக்கு அஞ்சு தான் எடுக்கணும், இல்லைன்னா மாச ஒதுக்கீட்டை 24ஆ ஆக்கணும்.

குறைக்க முடியுமான்னா, மளிகைல நான் வாங்கறதை விட்டுட்டு தூக்கி போடறதை எழுத ஆரம்பிச்சேன். குப்பை டப்பா பக்கத்துல ஒரு பேப்பரை ஒட்டி மூணு வாரம் எழுதினேன். அழுகின கீரை, பாதி வெட்டி காஞ்சு போன எலுமிச்சை, அடியில மறந்துபோன தயிர், நேத்து மிஞ்சினது, முந்தாநாள் மிஞ்சினது. திட்டறதுக்காக எழுதல, எது திரும்ப திரும்ப வருதுன்னு பார்க்கத்தான். எங்க வீட்ல கீரை எட்டு தடவை வந்திருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆசையா ரெண்டு கட்டு வாங்கறோம், ஆய உக்கார நேரம் வியாழக்கிழமை தான் கிடைக்குது, அதுக்குள்ள அது கொழகொழன்னு ஆயிடுது. இப்போ ஒரு கட்டு தான் வாங்கறேன், வாங்கின அன்னிக்கே ஆய்ஞ்சு ஈரம் போக ஒரு துணியில சுத்தி வச்சிடறேன்.

ஃப்ரிட்ஜ்ல கண்ணுக்கு நேரா இருக்கற தட்டுல ஒரு டிரே வச்சு "முதல்ல இது"ன்னு எழுதி ஒட்டிட்டேன். சீக்கிரம் கெடப்போறது, திறந்த பாக்கெட், மிஞ்சினது எல்லாம் அதுக்குள்ள போகும், சமைக்க ஆரம்பிக்கறப்போ முதல்ல அதைத்தான் பார்ப்பேன். பாலை கதவுல வைக்காதீங்க, ஒவ்வொரு தடவை திறக்கறப்போவும் சூடு படற இடம் அது தான், உள்ள தள்ளி வச்சா கூடுதலா நிக்கும். ஃப்ரிட்ஜுக்குள்ள 4 டிகிரி, ஃப்ரீசர்ல மைனஸ் 18, இந்த அளவுல இருக்கணும்.

கடையில பாக்கெட் விலையை பார்க்காம எடையை பாருங்க. அதே பாக்கெட், அதே விலை, உள்ள மட்டும் 1 கிலோ 900 கிராமா மாறியிருக்கும், அது 11 சதவீதம் விலை ஏத்தினதுக்கு சமம். பெரிய பாக்கெட்னா எப்பவும் லாபம்னும் நினைக்காதீங்க, சில நேரம் சின்னது ரெண்டு வாங்கறது கிலோ கணக்குல கம்மியா வரும், போன்ல வகுத்து பார்த்தா ரெண்டு நிமிஷம் தான் ஆகும்.


டெஸ்டர் எழுதியது:

நான் 18 வருஷமா வயரிங் வேலை பார்க்கறேன், கரண்ட் பத்தி மட்டும் சொல்றேன் சிஸ்டர்.

எந்த வீட்டுக்கு போனாலும் "லைட்டை அணைக்க சொல்லி தொண்டை தண்ணி வத்திப்போச்சு, பில் மட்டும் குறையல"ன்னு சொல்லுவாங்க. லைட்டை அணைங்க, நல்லது தான், ஆனா பணம் அங்க போகல. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். 20 லிட்டர் தண்ணியை 30 டிகிரி சூடேத்தணும்னா சுமார் 0.7 யூனிட் ஆகும், காயில் வச்ச ஹீட்டர் எந்த கம்பெனியா இருந்தாலும் இதுக்கு கீழ வராது, தண்ணியோட குணம் அது. அந்த 0.7 யூனிட்ல 9 வாட் எல்இடி பல்பு ஒண்ணு 77 மணி நேரம் எரியும். ஒரு வாளி சுடுதண்ணிக்கு மூணு நாளைக்கு மேல ராத்திரி பகலா எரியற பல்பு சமம். உங்க வீட்ல நாலு பேர், தினமும் நாலு வாளின்னா நீங்களே பெருக்கிக்கோங்க. சூடு பண்ற சாமான் எதுவோ அங்க தான் மீட்டர் ஓடும்: ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் அடுப்பு, வாஷிங் மெஷின்ல ஹாட் வாஷ். ஹீட்டர்ல தெர்மோஸ்டாட் திருகி இருந்தா அதை குறைச்சு வைங்க, கொதிக்க வச்சு அப்புறம் பச்சைத்தண்ணி கலக்கறதுக்கு முதல்லயே தேவையான சூடு போதும். துணிக்கு சாதா தண்ணியே போதும்.

ஃபேன் பழசா இருந்தா 75 வாட் கிட்ட இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கற புது வகை மோட்டார் வச்சது) 30 வாட் வாக்குல தான். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடற ஃபேனை மாத்தினா மாசத்துக்கு 20 யூனிட் மிச்சம். அதுக்காக எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம், அதிக நேரம் ஓடற ஒண்ணை மட்டும் முதல்ல மாத்துங்க, மத்தது ரிப்பேர் ஆகறப்போ பார்த்துக்கலாம்.

ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு சொல்லியிருக்கீங்க. கதவு ரப்பரை ஒரு தடவை பாருங்க. ஒரு பேப்பரை கதவு இடுக்குல வச்சு மூடி இழுங்க, சுலபமா வழுக்கிட்டு வந்தா ரப்பர் பிடிக்கலைன்னு அர்த்தம், குளிர் வெளிய போய் கம்ப்ரஸர் ஓயாம ஓடும். முதல்ல வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில ரப்பரை துடைச்சு பாருங்க, பல நேரம் பிசுக்கு தான் காரணம். அதுக்கும் சரியாகலைன்னா ரப்பரை மட்டும் மாத்தலாம், ஃப்ரிட்ஜையே மாத்த வேண்டியதில்ல.


தவணைமுடிஞ்சவன் எழுதியது:

யாரும் கார்டு பத்தி பேசல, எனக்கு அதை பார்த்ததும் வயித்தை கலக்குச்சு, ஏன்னா நான் அந்த கிணத்துல மூணு வருஷம் கிடந்தவன். சகோதரி, தயவு செஞ்சு இதை முழுசா படிங்க.

பல கார்டுகள்ல வட்டி மாசத்துக்கு 3 சதவீதம் வாக்குல இருக்கும், உங்க ஸ்டேட்மெண்ட்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 3 தானேன்னு தோணும். அதை 12 மாசம் வட்டிக்கு வட்டியா ஏத்தினா வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல. உங்க 60க்கு மாசம் 1.8 வட்டி. நீங்க கட்டறது 3. அதாவது கட்டற மூணுல 1.8 வட்டிக்கே போயிட்டு அசல்ல 1.2 தான் கழியுது.

மினிமம்ங்கறது பெரும்பாலும் பாக்கியில 5 சதவீதம்னு இருக்கும். பாக்கி குறைய குறைய மினிமமும் குறைஞ்சுக்கிட்டே வரும், அது நமக்கு வசதின்னு நினைப்போம், அது தான் நம்மை அங்கயே பிடிச்சு வைக்குது. புதுசா ஒரு பொருள் கூட வாங்காம 12 மாசம் மினிமம் மட்டும் கட்டினீங்கன்னா மொத்தம் 33 கட்டியிருப்பீங்க, பாக்கி 60ல இருந்து 46க்கு தான் வந்திருக்கும். நான் இதை ஒரு ராத்திரி எக்செல்ல போட்டு பார்த்துட்டு தூங்கல.

இப்போ இதை பாருங்க. மினிமம் குறைஞ்சாலும் குறைக்காம மாசம் 3ன்னு நிலையா கட்டினா 31 மாசத்துல முடியும், வட்டி மட்டும் 33 போயிருக்கும். அதையே மாசம் 5ஆ கட்டினா 15 மாசத்துல முடிஞ்சிடும், வட்டி 15, 16 வாக்குல தான். ரெண்டே ரெண்டு பங்கு கூட போட்டா 17 பங்கு மிச்சம், காலமும் பாதியாகுது. வேற எந்த சேமிப்பும் உங்களுக்கு இந்த அளவுக்கு லாபம் தராது, அதனால கார்டு முடியற வரைக்கும் சேமிப்பு சேமிப்புன்னு மனசை வருத்திக்காதீங்க. வருஷச் செலவு அக்கவுண்டை மட்டும் விட்டுடாதீங்க, அதை நிறுத்தினா அடுத்த டயருக்கு திரும்ப கார்டு தான் வெளிய வரும், பழைய குருடி கதவை திறடி ஆயிடும்.

கார்டை வீட்ல பூட்டி வச்சிட்டு, ஆன்லைன் கடைகள்ல சேவ் பண்ணி வச்சிருக்கற கார்டு நம்பரையும் அழிச்சிடுங்க. எழுந்து போய் கார்டை எடுத்து நம்பரை அடிக்க வேண்டியிருந்தா பாதி பொருள் அப்பவே வேண்டாம்னு தோணிடும், எனக்கு அப்படித்தான் நின்னுச்சு.


மெதுவாநட எழுதியது:

எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க. ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. பஸ் டிக்கெட் வரைக்கும் எழுதறதை இன்னும் எத்தனை வருஷம் பண்ண முடியும் தோழி? ஒன்றரை வருஷம் எழுதியாச்சு, உங்க வீட்டு செலவோட போக்கு இப்போ தெரிஞ்சாச்சு. இனிமே நாலு கட்டமா மட்டும் எழுதினா போதும்னு நினைக்கறேன். ஜப்பான்ல ஹானி மோட்டோகோன்னு ஒரு பத்திரிகையாளர் 1904ல வீட்டுக் கணக்கு எழுத ஒரு முறை கொண்டு வந்தாங்க, காகெய்போன்னு சொல்லுவாங்க, அதுல செலவை தேவை, ஆசை, புத்தகம் படிப்பு மாதிரி மனசுக்கானது, எதிர்பாராததுன்னு நாலா தான் பிரிக்கறாங்க. எழுதறது நமக்கு புரியறதுக்கு தான், எழுதி எழுதி களைச்சு போறதுக்கு இல்ல.

இன்னொண்ணு, 50-30-20ன்னு எங்க பார்த்தாலும் சொல்லுவாங்க, வரி போக கைக்கு வர்றதுல பாதி தேவைக்கு, முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கும் கடனுக்கும்னு. 2005ல அமெரிக்க சட்டப் பேராசிரியரா இருந்த எலிசபெத் வாரனும் அவங்க மகளும் சேர்ந்து பிரபலப்படுத்தின கணக்கு அது. நல்ல கணக்கு தான், ஆனா வாடகையே 28 போற வீட்ல, பெரியவங்க மருந்து இருக்கற வீட்ல பாதிக்குள்ள தேவையை அடக்குன்னா எப்படி அடங்கும்? அதை வச்சு உங்களை அளந்து பார்த்து வருத்தப்படாதீங்க.

சிறுவாடு அக்கா பேர் வைக்க சொன்னதுக்கு பொருளாதாரத்துலயே இடம் இருக்கு. ஒரே பணத்தை மனசு தனித்தனி டப்பாவா பிரிச்சு பார்க்குதுங்கறதை ரிச்சர்ட் தேலர் மென்டல் அக்கவுண்டிங்னு பேர் வச்சு விளக்கினார், 2017ல பொருளாதார நோபல் வாங்கினவர். ஸ்கூல்னு எழுதின டப்பாவை ஹோட்டலுக்கு திறக்க கை கூசும், அதை நமக்கு சாதகமா பயன்படுத்திக்கலாம்.

கடைசியா, உங்க லிஸ்ட்ல உங்களுக்குன்னும் உங்க வீட்டுக்காரருக்குன்னும் ஒரு பங்கு கூட இல்ல. எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஆளுக்கு கொஞ்சம் கணக்கு கேக்காத பணம் வேணும். இல்லைன்னா ஒரு காப்பி குடிச்சதுக்கு கூட நோட்டுல பதில் சொல்ற மாதிரி ஆகி வீட்ல சண்டை தான் மிஞ்சும். பணம் பேச உக்கார்றப்போ "யாரு செலவு பண்ணது"ன்னு ஆரம்பிக்காம "எந்த செலவு"ன்னு ஆரம்பிங்க, எங்க வீட்ல அந்த ஒரு வார்த்தை மாறினதுல பேச்சோட சூடே குறைஞ்சுது.


கணக்குநோட்டு எழுதியது (இரண்டு மாதம் கழித்து):

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அன்னிக்கு விடியக்காலை சொன்ன அந்த 22ஐயும் சேர்த்து பார்த்தோம். வருஷச் செலவு 130, அஞ்சாவது வாரத்துக்கு 22, ஆக 152. நான் எடுத்து வச்சது 120. வருஷத்துக்கு 32 பள்ளம். கார்டுல எப்படி 60 ஏறிச்சுன்னு ரெண்டு வருஷமா எனக்கு விளங்கல, அன்னிக்கு தான் விளங்குச்சு. வீட்டுக்காரர் நோட்டை பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "இவ்வளவு நாள் நீ தனியா மனசுல தூக்கிட்டு இருந்தியா"ன்னு மட்டும் கேட்டார்.

மாத்தினது எல்லாம் சொல்றேன். மளிகை வாரத்துக்கு 4.8ஆ எடுக்கறேன், மாசத்துக்கு 21 வருது. குப்பை டப்பா பேப்பர்ல எங்க வீட்ல அதிகம் வந்தது மிஞ்சின சாப்பாடு தான், மாமியார் பார்த்துட்டு அளவா வடிக்கறது இனிமே என் பொறுப்புன்னு அவங்களே எடுத்துக்கிட்டாங்க, அதுல அவங்களுக்கும் ஒரு சந்தோஷம். யாருமே பார்க்காத ரெண்டு சந்தாவை நிறுத்தினோம், ஹீட்டரை திருகி வச்சோம், கரண்ட் கேஸ் போன் நெட்டுக்கு போன அந்த 9 இப்போ 8க்குள்ள நிக்குது. டெஸ்டர் அண்ணா, பேப்பர் வச்சு இழுத்தேன், கீழ் பக்கம் வழுக்கிட்டு வந்துச்சு, சோப்புத் தண்ணியில துடைச்சதுலயே சரியாயிடுச்சு. லீவுப் பயணத்தையும் துணியையும் கொஞ்சம் கொஞ்சம் குறைச்சதுல வருஷச் செலவு 120க்கு வந்துடுச்சு, மாசம் 10. கார்டுக்கு 5 கட்டறோம். எல்லாம் போட்டு சரியா 100 ஆகுது. மெதுவாநட சொன்ன அந்த ஆளுக்கு கொஞ்சத்துக்கு இப்போதைக்கு இடம் இல்ல, கார்டு முடிஞ்சதும் வர்ற அஞ்சுல முதல் ஒண்ணு அதுக்கு தான்னு எழுதி வச்சிருக்கோம்.

போன வாரம் மாமியாருக்கு அதே பல்லுக்கு திரும்ப போக வேண்டியதாச்சு, 4 ஆச்சு. வருஷச் செலவு அக்கவுண்ட்ல இருந்து எடுத்து குடுத்துட்டு வீட்டுக்கு வந்து நோட்டுல "பல்"னு எழுதிட்டு மூடி வச்சேன். கார்டு பீரோவுல தான் இருந்துச்சு.

அக்கா, ஒரு சந்தேகம். ஸ்கூல் பணத்தை மட்டும் தனி அக்கவுண்டா பிரிக்கட்டுமா, இல்ல எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டுமா? ஒண்ணா பார்க்கறப்போ நிறைய இருக்கற மாதிரி தெரியுது, பயமா இருக்கு.


சிறுவாடு எழுதியது:

ஒண்ணாவே இருக்கட்டும், அக்கவுண்ட் கூட கூட கண் வைக்கறது கஷ்டம். நோட்டோட கடைசி பக்கத்துல மட்டும் பிரிச்சு எழுதிக்கோ, மொத்தத்துல ஸ்கூலுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு, வைத்தியத்துக்கு இவ்வளவுன்னு. மாசம் ஒரு தடவை அந்தக் கூட்டலும் அக்கவுண்ட்ல இருக்கறதும் ஒண்ணா வருதான்னு சரிபாரு. ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின மாசம் வந்து சொல்லு தங்கச்சி, பையனுக்கு ஷூவை இப்போவே வாங்கிடாத, அதுக்குள்ள இன்னும் வளர்ந்துடுவான்.